‘கேது என் ராசியில் இருக்கிறார், வேலையை விட்டுவிடட்டுமா?’

வாசகி கேள்வி, மனநல ஆலோசகர் பதில்

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை. கணவர், எட்டு வயது மகன், மாமியார் என்று குடும்பம். 2025 ஜூலையில் இவருடைய அம்மா காலமானார். கடைசி நான்கு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். அம்மாவின் நகை விஷயத்தில் அக்காவோடு மனத்தாங்கல். அந்த நேரத்தில் 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம் வந்தது. வீடியோக்கள் பார்த்து, ‘கிரகண வழி ஆன்ம வளர்ச்சி’ என்று ஓர் ஆன்லைன் வகுப்பில் 18,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தார். சிம்ம ராசி, பூர நட்சத்திரம் என்றதும் ஆசிரியர் சொன்னாராம்: “கேது உங்கள் ராசியில், ராகு ஏழாமிடத்தில். செப்டம்பர் கிரகணம் கும்பத்தில், 2026 மார்ச் 3 கிரகணம் உங்கள் ஜன்ம நட்சத்திரத்திலேயே. பழைய பந்தமெல்லாம் கழன்று விழும், தடுக்காதீர்கள். ஆகஸ்ட் 28 கிரகணத்துக்குள் விட வேண்டியதை விட்டால் புதுப்பிறவி.”

இவர் அக்காவின் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அடுத்து வேலையை விட்டு, பி.எஃப். பணத்தில் 60,000 கட்டி அதே வகுப்பின் ‘வழிகாட்டி’ ஆக நினைக்கிறார். இடையில் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை, உடைகள் தொளதொளத்துவிட்டன, மகனின் வீட்டுப்பாடத்தைக்கூடப் பார்க்க மனம் வரவில்லை. இதெல்லாம் ‘கழிவின் அறிகுறி’ என்கிறார் ஆசிரியர். மாமியாரோ, “மார்ச் 3 அன்று பட்டம் கட்டிக்கொள்ளாமல் கிரகணத்தோடு ஆபீஸிலிருந்து நடந்து வந்தாயே, அதுதான்” என்கிறார். (பட்டம் என்பது கிரகண தோஷம் உள்ள நட்சத்திரக்காரர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஓலை.) கடிதத்தின் கடைசி வரி: “சில நாள், நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. இதுவும் கழிவில் சேர்த்திதானா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அது கழிவில் சேர்த்தி இல்லை. ‘நான் இல்லாவிட்டால்’ என்று ஒரு மனம் சொல்ல ஆரம்பித்தால் எந்த ஜாதகத்தையும் புரட்டத் தேவையில்லை. அதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், இன்றைக்கே வேண்டும். உங்கள் கணவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதியது போல அவருக்கும் எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணம் மறுபடி வரும்போது 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வீட்டில் தூக்க மாத்திரை, பூச்சி மருந்து போன்றவை இருந்தால் அவற்றைக் கொஞ்ச நாள் கணவரின் பொறுப்பில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த எண்ணம் வருகிறது என்று சொல்லும் எல்லோரிடமும் நாங்கள் சொல்வதுதான்.

இனி மற்றக் கேள்விகளுக்கு வருவோம்.

இது வளர்ச்சியா?

நீங்கள் எழுதியவற்றில் ராசி, கிரகம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அம்மா போய்ப் பல மாதம் ஆகியும் தூக்கம் இல்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு. பசி இல்லை, எடை குறைகிறது. பிடித்ததில் பிடிப்பு இல்லை. குற்ற உணர்வும் இல்லாமல் போய்விடலாம் என்ற நினைப்பும் இருக்கின்றன. இந்தக் குறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. உங்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆறு மாதத்தைத் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனமே தனி நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும். கடிதத்தைப் படித்து நான் சொல்லக் கூடாது.

உங்கள் வகுப்பின் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான். ஜோதிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நோயாக இருக்கக்கூடியதற்கு ‘வளர்ச்சி’ என்று பெயர் வைத்து, வைத்தியத்துக்குப் போக வேண்டியவரை ‘தடுக்காதீர்கள்’ என்று உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு விழித்து அழுவது பிரம்ம முகூர்த்த விழிப்பு ஆகாது. வளர்ச்சி நடக்கும் காலத்திலும் மனிதருக்கு வலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வலிக்கு நடுவிலும் பசிக்கும், பிள்ளையின் சேட்டைக்குச் சிரிப்பு வரும், நாளை என்ன சமைக்கலாம் என்று ஓர் எண்ணம் ஓடும். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

‘ஆனால் அவர் என்னைப் பற்றிச் சொன்னது அப்படியே இருந்ததே’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலேகாலைத் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், வாக்கியங்கள் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘நெருங்கியவர்களுக்காக நிறையச் செய்தீர்கள், அதற்கான நன்றி கிடைக்கவில்லை’ என்று சொன்னால், அம்மாவைக் கவனித்துவிட்டு அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் எந்த மகளுக்குத்தான் கண் கலங்காது?

பஞ்சாங்கத்தின் கணக்குப்படியே பார்ப்போம்

நம்பிக்கையைக் கைவிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நம்புகிறீர்கள் என்றால், நம்புகிற நூல் என்ன சொல்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மார்ச் 3 கிரகணம் சிம்மத்தில், பூரத்தில் நடந்தது என்பது சரி. ஆனால் ‘விடுதலை’, ‘உள்மாற்றம்’, ‘கர்ம வாயில்’ என்று உங்களுக்குச் சொன்ன பலன்கள் நம் ஊர்ச் சரக்கு கிடையாது. ஜோதிடத்தை ஆளுமை வளர்ச்சிக்கான கருவியாக்கிய போக்கு மேல்நாட்டில் வேர்விட்டது. பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இசையமைப்பாளர் டேன் ருட்யார் 1930-களில் சுவிஸ் உளவியலாளர் யுங்கின் கருத்துகளை ஜோதிடத்தோடு சேர்த்து எழுதியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்த ஜோதிடத்தின் ராசிக் கணக்கு வேறு. அவர்கள் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதப் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். அவர்கள் கணக்கில் மார்ச் 3 கிரகணம் கன்னியிலும், செப்டம்பர் 7 கிரகணம் மீனத்திலும் விழுகின்றன. ராசியை இங்கிருந்தும் பலனை அங்கிருந்தும் எடுத்து ஒட்டியதற்கு நீங்கள் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

நம் நாட்டுப் பழைய நூல்களில் கிரகணப் பலன் பெரும்பாலும் தனிமனிதருக்கானதாகவே இல்லை. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் கிரகணத்தை வைத்து மன்னர்கள், தேசங்கள், மழை, விளைச்சல் என்றுதான் பேசுகிறார். அதே அத்தியாயத்தில், சந்திர கிரகணம் என்பது சந்திரன் பூமியின் நிழலுக்குள் நுழைவதே என்று தெளிவாகவும் சொல்லிவிடுகிறார். அவருக்கு முன்பே ஆரியபட்டரும் சொன்னது அதுதான். ராகு, கேது என்பவை சந்திரன் செல்லும் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். இது தெரிந்தும் வராகமிகிரர் ஜோதிடராகவே இருந்தார். அதனால் நீங்களும் அறிவியலைக் கேட்டுக்கொண்டே கோயிலுக்குப் போகலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. வள்ளுவர்கூடக் கிரகணத்தை ஊரே பார்த்துப் பேசும் காட்சியாகத்தான் எடுத்தாள்கிறார். ஒருநாள் சந்தித்ததற்கே ஊர் முழுக்க அலர், அதாவது ஊர்ப்பேச்சு, சந்திரனைப் பாம்பு பிடித்த செய்தி போல, ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்று காதலி அலுத்துக்கொள்கிறாள்.

நம் வழக்கத்தில் கிரகண நேரத்தில் செய்யச் சொல்வது குளியல், ஜபம், தானம், முன்னோருக்குத் தர்ப்பணம் ஆகியவை. சுபகாரியத்துக்கும் புதுத் தொடக்கத்துக்கும் கிரகணத்தை ஒட்டிய நாட்களில் முகூர்த்தம் வைக்கவே மாட்டார்கள். கிரகணத்துக்குள் வேலையை விடு, உறவை வெட்டு, புதுத் தொழில் தொடங்கு என்று எந்தப் பஞ்சாங்கக்காரர் சொல்வார்? உங்கள் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் கேட்டாலும் தலையில் கை வைத்துக்கொள்வார்.

உங்களைத் துரத்தும் அந்த ஆகஸ்ட் 28 கிரகணத்துக்கு வருகிறேன். அது பகுதிக் கிரகணம். உச்சத்தைத் தொடும்போது இந்திய நேரம் காலை 9.43. அப்போது நமக்குச் சந்திரன் அஸ்தமித்திருக்கும், இங்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு அனுஷ்டானமோ தோஷமோ இல்லை என்பது பஞ்சாங்க மரபு. ஆகவே அந்தக் கெடுவை உங்களுக்கு வைத்தது வகுப்பு மட்டும்தான், அடுத்த கட்டணத்தின் கெடுவும் அதே தேதியில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ராகு, கேது பெயர்ச்சியின் நாள்கூட வாக்கியப் பஞ்சாங்கப்படி 2025 ஏப்ரல் 26, திருக்கணிதப் பஞ்சாங்கப்படி மே 18. ராகு, கேது எப்போது வந்தார்கள் என்பதிலேயே மூன்று வாரம் முன்பின் இருக்கும்போது, ராஜினாமாக் கடிதத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

மாமியார் சொன்ன பட்டம்

இதில் உங்களுக்கு உள்ள குற்ற உணர்வு தேவையில்லாதது. மார்ச் 3 அன்று முழு கிரகணம் மாலை 5.33-க்கே முடிந்துவிட்டது. நம் பக்கம் சந்திரன் உதித்தபோது மிச்சமிருந்தது கடைசிப் பகுதி மட்டும், அதுவும் 6.47-க்கு விட்டது. அரைமணி நேரத்துக்கும் குறைவான நிழல். ஆபீஸ் விட்டு வருகிற நேரம் அது, தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் அப்போது தெருவில்தான் இருந்திருப்பார்கள். நட்சத்திரம் 27. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். 27-ல் ஒரு பங்கு என்றால் பூரத்தில் பிறந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 27 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தூக்கம் போயிருக்க முடியாது. உங்களுக்குத் தூக்கம் போனது மார்ச்சில் இல்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “அம்மாவுக்குக் காரியம் முடிந்ததிலிருந்தே” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அத்தையோடு வாதம் செய்யாதீர்கள். அவருக்கும் உங்களைப் பார்த்துப் பயம், அந்தப் பயத்தைத் தெரிந்த விதத்தில் சொல்கிறார். ‘வாங்க அத்தை, சேர்ந்து கோளறு பதிகம் படிப்போம்’ என்று கூப்பிடுங்கள். ஏழு கோளோடு ராகு, கேது என்ற ‘பாம்பிரண்டும்’ அடியார்க்கு நல்லவையே என்று சம்பந்தர் பாடியதை அவர் மறுக்கப்போவதில்லை. அதைப் படித்தால் உங்கள் நோய் தீரும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உங்கள் மேல் விழுந்துகொண்டிருக்கும் பழி கொஞ்சம் தணியும், டாக்டரிடம் போவதற்கு அவர் துணைக்கும் வருவார்.

வேலை, பி.எஃப்., அந்த 60,000

மனச்சோர்வு இருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடச் சொல்வது எங்கள் தொழிலின் பாலபாடம். அப்போது எதிர்காலம் என்ற ஒன்றே சரியாகக் கண்ணில் படாது. விட்டுவிடுவது மட்டுமே நிம்மதியாகத் தெரியும். மூன்று மாதம் வைத்தியம் பார்த்த பிறகும் வேலை பிடிக்கவில்லை என்றால் அப்போது தாராளமாக விடுங்கள், அது உங்கள் உரிமை.

இப்போதைக்கு ராஜினாமாவுக்குப் பதில் மருத்துவ விடுப்பு கேளுங்கள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில், சந்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பளத்தின் 70 விழுக்காடு வரை ஆண்டில் 91 நாட்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. சிகிச்சையும் இலவசம். அடுத்து, நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தும் கவனிக்காத ஒன்று: பி.எஃப்.-போடு சேர்ந்த பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு எட்டு ஆகியிருக்கிறது. இப்போது விலகிப் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த எட்டும் போனது போனதுதான். விலகியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் அந்தப் பங்கை எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள், அடுத்த வேலையில் சர்வீஸ் தொடரும்.

வழிகாட்டி ஆவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உங்களைப் போலவே அம்மாவை இழந்து தூங்காமல் இருக்கும் இன்னொரு பெண் உங்களிடம் வருவாள். அவளிடம் ‘தடுக்காதே, உதிரட்டும்’ என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? கட்டிய 18,500-ல் நடக்காத வகுப்புகள் மீதம் இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். முழுத் தொகையும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிரகணத்தை வைத்து எதுவுமே செய்யக் கூடாதா?

செய்யலாம். ஒரு குறிப்பிட்ட நாளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால் மனிதர்கள் நல்ல பழக்கத்தை எளிதாகத் தொடங்குகிறார்கள் என்று 2014-ல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திங்கட்கிழமை, மாதத்தின் முதல் தேதி, பிறந்தநாள் எதுவானாலும் சரிதான். நமக்குப் பொங்கல் இருக்கிறது, ஆடிப்பெருக்கு இருக்கிறது, பௌர்ணமியும் இருந்துவிட்டுப் போகட்டும். நாள் உந்தித் தள்ளும், வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அந்த மாதிரி நாளில் தொடங்குவது திரும்பப் பெறக்கூடிய சிறிய காரியமாக இருக்கட்டும். மாலையில் அரைமணி நடை, மகனோடு பத்து நிமிடம், நாளுக்குக் கால்மணி நேரம் மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுவது போல. எழுதுவதன் பயனை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களிலிருந்து ஆராய்ந்துவருகிறார். எழுத எழுத மனம் மேலும் கனத்தால் நிறுத்திவிடுங்கள், வைத்தியத்துக்கு அது மாற்று இல்லை.

முதலில் மருத்துவர். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டாலும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைச் சொல்வார்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தைராய்டு கூடினாலும் குறைந்தாலும், மற்ற இரண்டும் குறைந்தாலும் சோர்வு இப்படியே வேஷம் போடும். மருந்து எழுதினால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

அக்கா

உங்களுக்கு இந்த ஆண்டு உண்மையிலேயே கனமான நாள் ஆகஸ்ட் 28 இல்லை. அம்மாவின் முதல் வருஷத் திதி வருகிறது. கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. முதல் ஆண்டு நெருங்கும்போது துக்கம் மறுபடி பொங்குவது வழக்கம், அந்த வாரத்தில் தூக்கமும் பசியும் இன்னும் கெட்டுப்போனால் திடுக்கிட வேண்டாம். மருத்துவரிடம் அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அக்காவின் எண்ணை அதற்கு முன்பே திறந்துவிடுங்கள். சமாதானம் பேச வேண்டும் என்று இல்லை. ‘அம்மா திதிக்கு என்ன செய்யலாம்’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும், பதில் வந்தாலும் வராவிட்டாலும். கிரகணத்தில் தானமும் தர்ப்பணமும் செய்யச் சொல்லும் நம் வழக்கம், இறந்தவரை நினைக்கச் சொல்கிறது. அம்மா பெயரில் திதியன்று நாலு பேருக்குச் சாப்பாடு போட்டால் அது யாருடைய ராசிக்கும் விரோதமாகாது. நகைப் பேச்சைத் திதி முடியும்வரை இருவருமே எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு வழக்கறிஞரை வைத்துப் பேசுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் மகன்கள், மகள்கள், கணவர் எல்லோருக்கும் சம பங்கு. பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு என்று சட்டம் சொல்வதில்லை. கூடுதலாகக் கொடுப்பதும் விட்டுத்தருவதும் உங்கள் இருவருக்குள் பேசி முடிக்க வேண்டியவை.